நாலணா பேங்கில் பலகை இறக்கிய வாரம்

ராஜபாளையம்
15.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு, கடல் தாண்டிப் போனவள் மாதிரி உங்கள் மகள் வின்சி எழுதுவது. எனக்கு உடம்பு சுகம். உங்க முதுகு வலி, அம்மாவோட சளி, ஹெப்சிபா அத்தையோட கோபம் மூணும் கொறஞ்சிருக்கும்னு நம்புறேன்.

ஒருத்தரையும் வெளிய விடுறதில்ல, ஆனா பேரு மட்டும் விடுதி. யாரு வச்சாங்களோ! காலையில தினமும் சேமியா. நீங்க அங்க சேமிப்பு, நான் இங்க சேமியா. முதல் ரெண்டு எழுத்து ரெண்டுக்கும் ஒண்ணுதான், ஆனா உங்களுக்கு வட்டி வருது, எனக்கு வாந்தி வருது.

போன் கொடுக்க மாட்டேன்னு விடுதியில சொல்லிட்டாங்க. கொடுத்தாலும் நீங்க பீரோவுல வச்சுப் பூட்டிட்டீங்க. போதகர் ஐயா ஸ்கூட்டர்ல "விற்பனைக்கு"ன்னு ஒரே ஒரு பேப்பர், அதுல அவர் நம்பர், அம்புட்டுதான் நான் ஒட்டுனது. இதுக்குப் போயி ஒரு பிள்ளைய ஊர விட்டே அனுப்புவாங்களா? ஐயாவே சிரிச்சாரு. வண்டிக்கு அம்புட்டு கிராக்கி இருக்குன்னு அவருக்கே அன்னைக்குத்தான் தெரியும்.

சரி, தண்டனைய ஆரம்பிக்கலாம். நீங்க செயலாளரா இருக்கிற சர்வஜன சேமிப்பு நிதிக்கு இந்த வருஷம் எழுபத்தஞ்சு முடியுது, பவள விழா மலருக்கு வரலாறு நான் எழுதணும்னு சொல்லித்தான பஸ் ஏத்திவிட்டீங்க. எழுதுறேன். ஆனா ஊருல எல்லாரும் ஏன் அத நாலணா பேங்க்னு சொல்றாங்கன்னே எனக்குத் தெரியாது. முதல்ல முதல் போடுங்க. வட்டியோட திருப்பித் தாரேன்.

அம்மா செஞ்ச அதிரசம் ரெண்டாம் நாளே காலி. இதைக் குறையாகச் சொல்லவில்லை, கோரிக்கையாகச் சொல்கிறேன்.

இப்படிக்கு, நாடு கடத்தப்பட்ட
வின்சி


ஸ்ரீவில்லிபுத்தூர்
22.6.2025

அன்பு மகள் வின்சிக்கு,

அப்பாவின் வாழ்த்து. இங்கே கர்த்தர் கிருபையால் எல்லாரும் சுகம். வெந்நீர் குடிக்கிறாயா? விடுதித் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று அம்மா கேட்கிறாள்.

நீ கேட்ட விவரம். 1950-இல் ராஜபாளையத்து நூல் வியாபாரி சுப்புராஜும், நம் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியர் வேதசிரோமணியும் சேர்ந்து தொடங்கினார்கள். ஒருவர் வீட்டில் தெலுங்கு பேசுபவர், கோயிலுக்குப் போகிறவர். மற்றவர் சபைக்குப் போகிறவர். மில்லில் சனிக்கிழமை வாங்கும் கூலி ஞாயிற்றுக்கிழமை இருப்பதில்லை என்று இருவரும் கண்டார்கள். ரத வீதியில் இப்போதுள்ள அதே வாடகைக் கட்டடத்தில் ஒரு மேசையும் இரும்புப் பெட்டியும் போட்டு உட்கார்ந்தார்கள். நாலணா இருந்தாலே கணக்குத் தொடங்கலாம். அதனால் அந்தப் பெயர்.

முதல் நாள் சீனியம்மாள் என்ற பஞ்சாலைத் தொழிலாளி நாலணா போட்டாள். போன கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, கொடு என்றாள். கொடுத்தார்கள். பார்த்துவிட்டு மறுபடி போட்டாள். பிறகும் வந்து கேட்டாள். சுப்புராஜ் கோபப்பட்டாராம். வேதசிரோமணி, "அந்தம்மா பணத்தைப் பாக்கல, நம்மளப் பாக்குது. கொடுங்க" என்றாராம். அன்று சாயங்காலமே நிதியின் முதல் விதி எழுதப்பட்டது: கேட்டவருக்குக் கேட்ட அன்றே, காரணம் கேட்காமல். இன்று வரை அதை நாங்கள் மீறியதில்லை.

வரலாற்றில் யாரையும் கேலி செய்யாதே. போதகர் ஐயா சிரித்தது பெருந்தன்மை. அதை உரிமையாக எடுத்துக்கொள்ளாதே.

உன் அப்பா
வேதமணி


ராஜபாளையம்
6.7.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

சேமியாவைத் தாண்டி உயிரோடு இருக்கும் வின்சியின் வணக்கம். வெந்நீர் குடிக்கிறேன். தண்ணீர் ஒத்துக்கொள்கிறது, வார்டன்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

சீனியம்மாள் கதைய ராத்திரி என் ரூம் பிள்ளைகளுக்குச் சொன்னேன். மம்சாபுரத்துப் பாண்டிசெல்விக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அவங்க அம்மாவுக்கும் நம்ம நிதியிலதான் கணக்காம். "எங்கம்மாவும் இப்படித்தான்டி, பீரோவப் பூட்டிட்டு நாலு தடவ இழுத்துப் பாக்கும்" அப்படிங்கிறா.

ஒரு சந்தேகம். கேட்டவருக்குக் கேட்ட அன்றேன்னு விதி. சரி. எல்லாரும் ஒரே நாள்ல வந்து கேட்டா? பெட்டிக்குள்ள எல்லார் பணமும் இருக்குமா?

ஆடிப்பூரத் தேருக்கு வெள்ளிக்கிழமையே வாரேன். திங்கள் சாயங்காலம் திரும்பணும். நாலாம் சனி, ஞாயிறு, தேர்னு உங்களுக்கும் சேந்தாப்ல மூணு நாள் லீவு. நிதிக்கு லீவு வரும், நிதானத்துக்கு லீவு விடாதேன்னு நீங்க சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டேன்.

அத்தைக்கு என் முத்தம். வேண்டாம்னு சொன்னாலும் கொடுங்க.

வின்சி


ஸ்ரீவில்லிபுத்தூர்
13.7.2025

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் அத்தை முத்தத்தை வாங்கிக்கொண்டாள்.

நல்ல கேள்வி. இருக்காது. பெட்டியில் கொஞ்சம், பெரிய வங்கியில் கொஞ்சம், மீதி நகைக் கடனாக ஊருக்குள்ளேயே இருக்கும். ஒருவர் போட்டதைத்தான் இன்னொருவர் மகள் கல்யாணத்துக்கு வாங்கிப் போயிருப்பார். எல்லாரும் ஒரே நாளில் கேட்டால் எந்த ஊர் வங்கியாலும் கொடுக்க முடியாது. அப்படி எல்லாருக்கும் ஒரே நாளில் கேட்கத் தோன்றாதபடி நடந்துகொள்வதுதான் செயலாளர் வேலை. என் சம்பளம் அதற்குத்தான், கையெழுத்துப் போடுவதற்கு அல்ல.

தேருக்கு வழக்கம்போல ரத வீதிக் கடைகள் எல்லாம் பெயர்ப் பலகையை இறக்குகிறார்கள். நீட்டிக்கொண்டிருக்கும் எதையும் தேர் வடம் விடாது. இந்த முறை நிதியின் பலகையை இறக்கியதும் அப்படியே பெயிண்டரிடம் கொடுத்துப் பவள விழாவுக்குப் புது எழுத்து எழுதச் சொல்லியிருக்கிறேன்.

வரும்போது அழுக்குத் துணி மட்டும் கொண்டுவா. திட்டம் எதுவும் கொண்டுவராதே.

அப்பா


ஸ்ரீவில்லிபுத்தூர்
3.8.2025

அன்பு மகளுக்கு,

நலமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். இங்கே எல்லாரும் சுகம். வேலை சற்று அதிகம்.

ஒரு விவரம் வேண்டும். திங்கட்கிழமை மாலை பஸ் ஏறுவதற்கு முன்னால் நீ நிதி பக்கம் போனாயா?

வேறொன்றுமில்லை. நன்றாகச் சாப்பிடு.

அப்பா


ராஜபாளையம்
8.8.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்க கடிதம் தந்தி மாதிரி இருந்துச்சு. நாலே வரி! பேனாவுல மை தீந்துபோச்சா, இல்ல பேனாவுக்கும் சிக்கனமா? நான் சுகம். வடம் இழுத்த கையில கொப்புளம் ஆறிடுச்சு.

ஆமா, போனேன். நிதி வாசல்ல பதிச்சிருக்கிற தொடக்க விழாக் கல்லுல இருக்கிற பேரெல்லாம் மலருக்கு எழுதிக்கலாம்னு போனேன். ஷட்டர் போட்டிருந்துச்சு. அண்ணாந்து பாத்தா, பலகை இருந்த எடம் பல்லு விழுந்த மாதிரி வெள்ளையா இருக்கு, நடுவுல யாரோ "வாடகைக்கு விடப்படும். விவரம் உள்ளே கேட்கவும்"னு பெரிய எழுத்துல ஒட்டி வச்சிருந்தாங்க! டீக்கடை வாசல்லயே நின்னு வயிறு வலிக்கச் சிரிச்சேன். சத்தியமா பொறாமையா இருந்துச்சு அப்பா. இது எனக்குத் தோணலையேன்னு. ஒட்டுன மகராசன் யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க, சிஷ்யையா சேந்துக்கிறேன்.

எதுக்குக் கேட்டீங்க? அந்தக் கல்லுல பேரு அழிஞ்சிருக்குன்னா பெயிண்டர்கிட்ட அதையும் கொடுத்துருங்க.

வரலாறு 1962 வரைக்கும் வந்தாச்சு. அம்மாகிட்ட அதிரசம்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லுங்க, அவங்களுக்குப் புரியும்.

உங்கள் வின்சி


ராஜபாளையம்
24.8.2025

பிரியமுள்ள ஹெப்சிபா அத்தைக்கு,

வின்சி எழுதுறேன். நீங்களும் வீட்டுல எல்லாரும் சுகமா இருக்கீங்களா? இந்தத் தடவை நிஜமாத்தான் கேக்கேன்.

அப்பாவுக்கு எட்டாம் தேதி எழுதுனேன். பதில் இல்ல. எப்பவும் ஒரு வாரத்துல வந்துரும். ஆகஸ்ட் பதினஞ்சு லீவுக்கு வீட்டுக்கு வரலாம்னு பாத்தா ஸ்பெஷல் கிளாஸ்னு பிடிச்சு வச்சிட்டாங்க. அம்மாகிட்ட இருந்து அதிரசம் வந்துச்சு, கூட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்ல.

நேத்து பாண்டிசெல்வி ஊருக்குப் போயிட்டு வந்தா. "ஏட்டி, ஒங்கப்பா பேங்க் ஓடிப்போகப் பாத்துச்சாமே, எங்கம்மா போயி வரிசையில நின்னுச்சாம்"ங்கிறா. நான் சிரிச்சேன். அவ சிரிக்கல.

அத்தை, நீங்கதான் அங்க கேஷியர். உங்களுக்குத் தெரியாம அங்க ஒரு ரூபா அசையாது. என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க. கோபமா எழுதுனாலும் பரவால்ல.

வின்சி


ஸ்ரீவில்லிபுத்தூர்
28.8.2025

ஏட்டி வின்சி,

அத்தை எழுதுதேன். நல்லாருக்கியா? இங்க யாருக்கும் காய்ச்சல் தலைவலி இல்ல. அதுமட்டுக்கும் ஸ்தோத்திரம்.

ஒனக்கு எழுதக்கூடாதுன்னு ஒங்கப்பன் சொல்லல. எழுதுன்னும் சொல்லல. அதனால எழுதுதேன்.

தேர் முடிஞ்ச மறுநாள் செவ்வாக்கெழமை காலம்பற வாரேன், பேங்க் முன்னால கூட்டம். ஜூஸ் கடை வரைக்கும் வரிசை. மூணு நாளா ஷட்டர் பூட்டு, பலகையக் காணோம், அந்த எடத்துல வாடகைக்குன்னு பேப்பர். பெயிண்டர் திங்கக்கெழமை பலகையத் தாரேன்னவன் தரல. போன மாசந்தான் தெக்க ஒரு ஊர்ல சீட்டுக் கம்பெனிக்காரன் ராவோட ராவா காலி பண்ணிட்டுப் போனான். சனங்க என்ன நெனைக்கும்? நான் வேற பதறிப்போயி எக்கி அந்தப் பேப்பரக் கிழிச்சேன். "ஏம்மா கிழிக்கீக? ஆதாரத்த அழிக்கீகளோ?"ன்னு ஒரு ஆளு கத்துதான்.

ஒங்கப்பன் வந்தான். ஒரு சத்தம் போடல. ஷட்டரத் தூக்குனான். உள்ள கெடந்த பெஞ்சு எல்லாத்தையும் வெளிய இழுத்துப் போட்டு, "வயசானவங்க உக்காருங்க. வந்தவங்க எல்லாருக்கும் இன்னைக்கே உண்டு. எதுக்குன்னு கேக்க மாட்டோம்"னு சொன்னான். என் காதுல மட்டும், "பெரிய பேங்க்ல இருக்கிறத எல்லாம் எடுத்துட்டு வா. மத்தியானம் வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல தெரியல"ன்னான்.

மொத ஆளு பூக்கார சண்முகத்தாய். மக கல்யாணத்துக்குச் சேத்த பணம் அம்புட்டையும் கேட்டா. எண்ணிக் கொடுத்தேன். கட்டப்பையில போட்டு நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வெளிய போனவ படியிலயே நிக்கா. செத்த நேரம் ஆச்சு, இன்னும் நிக்கா.

"ஆத்தா, வாங்கியாச்சுல்ல. வழிய விட்டு வீட்டுக்குப் போ"ன்னு பின்னால ஒரு ஆளு.

"எங்கன போறது? ஊரே பாத்திருக்கு எங்கிட்ட பணம் இருக்குன்னு. தேர்க் கூட்டம் இன்னும் கலையல, பஸ்ஸுல எம்புட்டு பேரு என்னய இடிப்பான். வீட்டுக் கதவுக்கு ஒழுங்கா தாப்பாகூட கெடையாது."

"அம்புட்டு பயமா இருந்தா பேசாம ஒரு பேங்க்ல போட்டுரு ஆத்தா."

அந்தாளு அக்கறையாத்தான் சொன்னான். அப்புறம் ஒருத்தி சிரிச்சா பாரு, வரிசை முழுக்க பத்திக்கிச்சு. சண்முகத்தாயும் சிரிச்சா. ஆனா பைய விடல. பெஞ்சுல உக்காந்து யாரு யாரு எம்புட்டு வாங்குறாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தா. வாங்குன ஆளுகளும் போகல. பைய வச்சுக்கிட்டு அவ பக்கத்துல உக்காந்துட்டாங்க. ஒங்கப்பன் எல்லாருக்கும் டீ சொன்னான். மூணு மணி வாக்குல சண்முகத்தாய் எந்திரிச்சு வந்து, "இந்தா தாயி, நீயே வச்சுக்கோ. ஒங்கிட்ட இருந்தா எனக்குத் தூக்கமாவது வரும்"னு பைய ஜன்னல்ல வச்சா. பெட்டியில அப்ப ஒத்தக் கட்டுதான் கெடந்துச்சு வின்சி. அவளுக்குப் பின்னால ஒண்ணொண்ணா எல்லாம் திரும்பி வந்துச்சு. பாண்டிசெல்வி அம்மா வாங்கவே இல்ல. நின்னு டீ குடிச்சிட்டுப் போயிட்டா.

பேங்க் பொழச்சிருச்சு. கதை அதோட முடியல.

பேப்பர யாரு ஒட்டுனதுன்னு ஊரெல்லாம் பேச்சு. போதகர் ஐயா ஸ்கூட்டர் கதை யாருக்குத் தெரியாது? டீக்கடைக்காரன் வேற, "செயலாளர் மகதான் அன்னைக்கு அண்ணாந்து பாத்துப் பாத்துச் சிரிச்சிச்சு"ன்னு சொல்லிட்டான். தலைவர் பிரேம்குமார், ஹார்டுவேர் கடைக்காரரு, நேராவே சொல்லிட்டாரு: "நிதிய ஒரு நாள்ல தெருவுக்குக் கொண்டுவந்தது உங்க வீட்டுப் பிள்ளை. அப்படி இல்லன்னா இல்லன்னு காட்டுங்க. இல்லாட்டி செயலாளர் பதவிய விட்டுருங்க." செப்டம்பர் ஏழு, ஞாயித்துக்கெழமை சபை முடிஞ்சு இயக்குநர் கூட்டம்.

ஒன் கடிதத்த ஒங்கப்பன் எங்கிட்ட காட்டல. சட்டைப் பையிலயே வச்சிருக்கான். ராத்திரி எழுத உக்காருதான், கிழிக்கான்.

நீ ஒட்டலன்னுதான் நான் நெனைக்கேன். ஆனா ஏட்டி, நீ ஒட்டக்கூடிய ஆளுதான்.

அத்தை
ஹெப்சிபா


ராஜபாளையம்
31.8.2025

அப்பா,

நீங்க சுகமா இருக்கணும். மத்த விசாரிப்பெல்லாம் அடுத்த கடிதத்துல.

அத்தை எழுதுனாங்க. இப்பத்தான் எனக்கு எல்லாம் தெரியும்.

நான் ஒட்டல.

போன கடிதத்துல பொறாமையா இருந்துச்சுன்னு எழுதுனேன். கூட்டம் வந்தது தெரியாம எழுதுன ஜோக் அது. நீங்க அந்த வரிசையப் பாத்துட்டு வந்து அதப் படிச்சிருப்பீங்க. எப்படி இருந்திருக்கும்னு நெனச்சா எனக்கு எழுத்து நகர மாட்டேங்குது.

பேப்பரப் பாத்த உடனே வீட்டுக்குத் திரும்பி ஓடிவந்து உங்ககிட்ட சொல்லியிருக்கணும். பஸ்ஸுக்கு நேரம் இருந்துச்சு. ஆனா சிரிச்சிட்டு பால்கோவா வாங்கப் போயிட்டேன். அது என் தப்பு. அதுக்கு எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. ஆனா அவ்வளவுதான் என் தப்பு.

நிதி பக்கம் போனியான்னு கேட்டீங்க. ஒட்டுனியான்னு கேக்கல. கேட்டிருந்தீங்கன்னா அன்னைக்கே சொல்லியிருப்பேன். உங்ககிட்ட நான் பொய் சொன்னதே இல்ல அப்பா. ஸ்கூட்டருக்குக்கூட நீங்க கேட்ட உடனே நான்தான்னு சொன்னேன்.

ஒட்டலங்கிறதுக்கு எங்கிட்ட ஆதாரம் ஒண்ணும் இல்ல. இந்தக் கடிதம் மட்டும்தான்.

வின்சி


ஸ்ரீவில்லிபுத்தூர்
8.9.2025

ஏட்டி மருமகளே,

நல்லாருக்கியா? சாப்பிட்டியா? சாப்பிடலன்னா மொதல்ல சாப்பிடு, பொறவு படி. இங்க எல்லாரும் ரொம்ப ரொம்ப சுகம்.

நேத்து கூட்டம். இயக்குநருங்க சுத்தி உக்காந்திருக்காங்க. நான் கணக்கெடுத்துக் கொடுக்கணும்னு உள்ள இருந்தேன். பிரேம்குமார் ஆரம்பிச்சாரு.

"சார், உங்க மேல ஒரு குறை இல்ல. அன்னைக்கு நீங்க நின்ன மாதிரி யாரும் நின்னிருக்க முடியாது. ஆனா மகள விசாரிச்சீங்களா?"

"விசாரிக்கல. அவளே எழுதியிருக்கா, தான் ஒட்டலன்னு."

"எழுதுனா ஆச்சா? சின்னப் பிள்ளைக எழுதும். ஆதாரம் வேணும்ல?"

ஒங்கப்பன் எந்திரிச்சான். பாக்கெட்டுல இருந்து பெட்டிச் சாவி, ஷட்டர் சாவி ரெண்டையும் எடுத்து மேசையில வச்சான். "அவ எழுதுனது எனக்குப் போதும். நிதிக்குப் போதாதுன்னா இந்தாங்க சாவி." அம்புட்டுதான் சொன்னான். எனக்கு அழுகை வந்துட்டு. எல்லாரும் சாவியவே பாத்துக்கிட்டு இருக்காங்க.

அப்பப் பாத்து கதவத் தள்ளிக்கிட்டு ஒரு ஆளு. யாருங்கிற? பால்ச்சாமி. நம்ம கட்டட ஓனர் மதுரையில இருக்காருல்ல, அவருக்கு இங்க வாடகை வாங்கிக் கொடுக்கிற ஆளு. மூஞ்சி செவந்து போயி நிக்கான்.

"யோவ், கூட்டம் நடக்கு தெரியலையா?"ன்னாரு பிரேம்குமார்.

"நல்லா நடக்கட்டும்யா, யாரு வேண்டாம்னது. நான் ஒட்டிட்டுப் போன பேப்பர எவன் கிழிச்சான்? அதச் சொல்லுங்க. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, மாடி ரூமுக்கு ஒரு ஆளு வந்து கேக்கல. ஓனரு போன்ல என்னய வையுதாரு!"

பிரேம்குமார் நாற்காலிய விட்டே எந்திரிச்சுட்டாரு.

"நீயா ஒட்டுன?"

"பின்ன யாரு, ஆவியா ஒட்டுச்சு? மாடியில இருந்த டெய்லர் காலி பண்ணிட்டான்ல. சனிக்கெழமை வந்தேன். பலகை இருந்த எடம் பளிச்சுன்னு இருந்துச்சு, தெருவுல போறவனுக்கு நல்லாத் தெரியும்னு அங்கன ஒட்டுனேன். தங்கச்சி மகளுக்குப் பிரசவம்னு அன்னைக்கே கான்சாபுரம் போயிட்டேன். நேத்துதான் வாரேன்."

"மாடின்னு எழுத வேண்டாமாய்யா?"

"கீழ பேங்க் இருக்கது ஊருக்கே தெரியும். அத யாரு வாடகைக்கு விடுவா? மாடின்னு தனியா வேற எழுதணுமாக்கும்!"

"விவரம் உள்ளே கேட்கவும்னு எழுதியிருக்க. உள்ள யாருய்யா இருந்தா, மூணு நாளும் பூட்டிக் கெடந்துச்சே!"

"நீங்கதான் இருப்பீங்கன்னு நெனச்சேன். பேங்க்ல இருக்கவங்க ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களா? எழுபத்தஞ்சு வருசமா ஒரே கட்டடத்துல இருக்கீங்க, இந்த ஒத்தாசைகூட கெடையாதா?"

நான் எந்திரிச்சு, "கிழிச்சது நான்தாம்யா"ன்னேன். அவன் என்னய மொறச்சான் பாரு! பிரேம்குமாருக்குச் சிரிப்பு வந்துட்டு, அடக்கப் பாத்தாரு, முடியல. பொறவு எல்லாரும்தான். சிரிச்சு முடிச்சிட்டு அவரே சாவிய எடுத்து ஒங்கப்பன் கையில வச்சாரு. "மன்னிச்சுக்கோங்க சார். பாப்பாகிட்டயும் சொல்லுங்க"ன்னாரு. சொல்லிட்டேன்.

நல்லாக் கேட்டுக்கோ. சாவிய மேசையில வச்சது பால்ச்சாமி வாரதுக்கு முந்தி. ஒங்கப்பன் இத ஒனக்கு எழுத மாட்டான். அதான் நான் எழுதுதேன்.

வீட்டுக்கு வந்து ரெண்டு சோறு கூடச் சாப்பிட்டான். ஒங்கம்மா அதிரசத்துக்கு மாவு இடிக்கா.

அத்தை


ஸ்ரீவில்லிபுத்தூர்
16.9.2025

அன்பு மகள் வின்சிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். முதுகு வலி தேவலை. நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

பலகை வந்துவிட்டது. எழுத்து நன்றாக இருக்கிறது. நேற்று மாட்டினோம். மாட்டும்போது சண்முகத்தாய் கீழே நின்று கொஞ்சம் இடது பக்கம், கொஞ்சம் வலது பக்கம் என்று ஏவிக்கொண்டிருந்தாள். மாடிக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வாடகைக்கு வருகிறது. பால்ச்சாமி உன் அத்தையோடு இன்னும் பேசுவதில்லை.

வரலாற்றில் இந்த வருடத்தையும் நீ எழுதலாம் என்று இயக்குநர்கள் தீர்மானித்திருக்கிறார்கள். சிரிப்பு வருகிற இடத்தில் சிரிப்பு இருக்கலாம் என்றார் தலைவர். எனக்கும் ஆட்சேபம் இல்லை.

இனி எனக்கு வேண்டியதை எழுதுகிறேன். ஆகஸ்டில் உன்னிடம் ஒரு கேள்வியைச் சுற்றிவளைத்துக் கேட்டேன். உன் பதிலைப் படித்துவிட்டுப் பல முறை எழுதினேன். சந்தேகத்தைக் காட்டாமல் எழுதத் தெரியவில்லை. சந்தேகப்பட்டேன் என்று எழுத வெட்கமாக இருந்தது. அதனால்தான் கடிதம் வரவில்லை. கோபத்தால் அல்ல. கோபம் என்று நீ நினைத்திருப்பாய். உன் 31-ஆம் தேதிக் கடிதத்தில் நீ சொன்னது சரி. நான் நேராகக் கேட்டிருக்க வேண்டும். இனிமேல் நேராகக் கேட்பேன்.

ஆகவே கேட்கிறேன். உன் வார்டன் எனக்கு எழுதியிருக்கிறார். விடுதி வருகைப் பதிவேட்டில் ஒரு வாரமாக ராணி என்றொரு மாணவியின் பெயர் இருந்ததாகவும், தினமும் பெயர் கூப்பிட்டதும் பின்வரிசையிலிருந்து "உள்ளேன் மிஸ்" என்று குரல் வந்ததாகவும், ராணி என்பது விடுதிக் காவல் நாயின் பெயர் என்பது வெள்ளிக்கிழமைதான் தமக்குத் தெரிந்ததாகவும் குறிப்பிடுகிறார்.

பெயரை எழுதியதும் குரல் கொடுத்ததும் நீயா?

அம்மா அதிரசம் அனுப்புகிறாள். பாண்டிசெல்விக்கும் கொடு.

உன் அப்பா
வேதமணி


ராஜபாளையம்
19.9.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதமும் அதிரசமும் இன்னைக்கு மத்தியானம் ஒண்ணா வந்துச்சு. கடிதத்தை மூணு தடவை படிச்சேன், அதுக்குள்ள பாண்டிசெல்வி அதிரசத்த முடிச்சிட்டா.

சாவி விஷயத்த அத்தை எழுதுனாங்க. நீங்க எழுதல. அதனால நானும் அதப் பத்தி ஒண்ணும் எழுதல. ஆனா அத்தை கடிதமும் உங்க கடிதமும் என் தலையணை உறைக்குள்ள இருக்கு.

நீங்க கேட்டதுக்குப் பதில்:

ஆமாப்பா, நான்தான்.

நான் சுகம். ராணியும் சுகம்.

உங்கள் மகள்
வின்சி